இடையன்குடி ஐயரின் இலக்கணமும், அவர் திரும்பப் பெற்ற புத்தகமும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சி.எஸ்.ஐ. வீடுகளில் பாதிரியாரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி ஐயரம்மா. அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போகும் வெளியூர்ப் பெண்கள் முதல் வாரம் குழம்பித்தான் போவார்கள். இந்த ஐயர்மாரில் இரண்டு பேர் மெரினா கடற்கரையில் சிலையாக நிற்கிறார்கள். ஒருவர் சாயர்புரத்தில் இருந்த போப். இன்னொருவர் இடையன்குடியில் இருந்த கால்டுவெல். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி அந்தச் சிலைகள் வைக்கப்பட்டன. கால்டுவெல் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும், சரிதான், ஆனால் அதே மனிதர் அந்த இலக்கணத்துக்கு ஏழு வருஷம் முன்னால் எழுதிய இன்னொரு சிறு புத்தகத்துக்காக, தான் வாழ்ந்த ஊர்க்காரர்களே மனு போட்டு எதிர்க்கும் நிலைக்கு வந்தார் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் பிடிபடுவார் என்பது என் எண்ணம்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். ராபர்ட் கால்டுவெல் பிறந்தது 1814 மே 7, அயர்லாந்தில் ஆன்ட்ரிம் பகுதியில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், பிரெஸ்பிடீரியன் சபை. குடும்பம் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. பையன் சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்விட்டான், படிப்பெல்லாம் பெரும்பாலும் தானாகப் படித்ததுதான். அப்புறம் அண்ணனுடன் டப்ளினில் தங்கி ஓவியம் கற்றான். ஓவியராகத்தான் ஆகியிருக்க வேண்டியவர், நடுவில் பக்தி வந்து வழியை மாற்றிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரிக்கு ஒரு உதவித்தொகை கிடைத்து, பிறந்தது அயர்லாந்து என்று தெரிந்ததும் அது கைநழுவிப் போனது. கடைசியில் லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியராக இருந்த டேனியல் சாண்ட்ஃபோர்டின் வகுப்புகளில்தான் மொழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் ருசி அவருக்கு ஏற்பட்டது.

1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கும்போது வயது இருபத்துமூன்று. வந்த கப்பலில் கூடவே வந்தவர் சி.பி. பிரௌன், தெலுங்கு அகராதி போட்ட அதே பிரௌன். சென்னையில் கூடப் பழகியவர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ட்ரூ பாதிரியார். வந்த இடமெல்லாம் மொழிக்காரர்களாகவே அமைந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்துக்கும் மேலே சென்னையில் தமிழ் படித்தார். அதன் பிறகு லண்டன் மிஷனை விட்டு, ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்துக்கு மாறினார். பிரெஸ்பிடீரியன் வீட்டில் பிறந்தவர், பிஷப்பே இல்லாத காங்கிரிகேஷனல் சபையில் வளர்ந்தவர், கடைசியில் பிஷப்பாகவே முடிந்தது இந்த மாற்றத்தால்தான்.

1841-ல் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் துரைமார் பல்லக்கில்தான் போவார்கள். இவர் நடந்தார். கும்பகோணம், தஞ்சாவூர், நடுவில் நீலகிரி ஏறி ஊட்டியில் பிஷப் ஸ்பென்சர் கையால் டீக்கன் பட்டம், திரும்ப இறங்கி மதுரை என்று சுற்றிச் சுற்றி, அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் பார்த்துக்கொண்டே போகலாம் என்றுதான் நடந்தது. ஊருக்கு ஊர் பேச்சு எப்படி மாறுகிறது என்பதை ஒரு மொழிக்காரன் காதால் கேட்டுக்கொண்டே மாதக்கணக்கில் நடந்தான் என்றால் அது சும்மா போயிருக்காது.

இடையன்குடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரி நிலம். செக்கச்சிவந்த மணல், காற்றடித்தால் மேடு இடம் மாறும், கண்ணுக்கெட்டிய தூரம் பனை. ஊரின் பிழைப்பும் பனைதான், பதநீர், கருப்பட்டி, ஓலை, நார். பிஷப்பாகி தூத்துக்குடிக்குப் போகும்வரை நாற்பது வருஷத்துக்கும் மேல் இதுதான் அவருக்கு ஊர். வீதி நேராகப் போட்டு, கிணறு வெட்டி, மரம் வைத்து ஊரையே திட்டமிட்டு அமைத்தார். 1844-ல் நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவைக் கட்டினார். எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர், பேச்சுத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைக்காரர் புத்தகத்தில் படித்த தமிழுக்கும் வீட்டுத் திண்ணைத் தமிழுக்கும் உள்ள தூரத்தை இவர் வீட்டுக்குள்ளேயே சரிசெய்துகொண்டார் என்று நினைக்கிறேன். பெண்களுக்கான உறைவிடப் பள்ளி, லேஸ் பின்னும் தொழில் இரண்டும் எலைசாவின் வேலை. இடையன்குடி என்றால் கால்டுவெல் பெயர் மட்டும் வருவது கொஞ்சம் அநியாயம்தான்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். அது என்ன அவ்வளவு பெரிய விஷயம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்புரூக் போன்ற கல்கத்தாப் பண்டிதர்கள் இந்திய மொழிகளெல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்று எழுதிவைத்திருந்தார்கள். 1816-லேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ் இதை மறுத்தார். தெலுங்கு, தமிழ், கன்னடம் எல்லாம் தனிக் குடும்பம் என்று, ஒரு தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்குச் சேர்த்த குறிப்பில் வேர்ச்சொல் பட்டியல் போட்டே காட்டினார். 1819-ல் ராமநாதபுரத்தில் எல்லிஸ் திடீரென்று இறந்துபோக, அவருடைய கையெழுத்துப் பிரதிகள் மதுரையில் ஒரு துரை வீட்டுச் சமையற்கட்டில் அடுப்பு பற்றவைக்கப் போயின என்று ஒரு கதை உண்டு. ஆக, ‘தனிக் குடும்பம்’ என்று முதலில் சொன்னவர் கால்டுவெல் கிடையாது. எல்லிஸுக்கு அவர் கொடுக்க வேண்டிய இடத்தை முழுசாகக் கொடுக்கவில்லை என்பது என் கட்சி. ஆனால் எல்லிஸ் சொன்னது ஒரு குறிப்பு. அதை மறுக்க முடியாதபடி, ஒலி, வேர், எண், பெயர், நான்-நீ போன்ற மூவிடப்பெயர், வினை என்று அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கி 1856-ல் லண்டனில் அச்சுப் போட்டவர் கால்டுவெல். முதல் பதிப்பில் ஒன்பது மொழிகள். 1875-ல் வந்த இரண்டாம் பதிப்பில் குடகு, ராஜ்மகால், ஒராவோன் சேர்ந்து பன்னிரண்டு. ‘திராவிட’ என்ற பெயரையும் குமாரில பட்டரின் சமஸ்கிருத நூலில் வரும் ‘ஆந்திர திராவிட பாஷை’ என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்து, குடும்பம் முழுசுக்கும் நிலைக்க வைத்தது அவர்தான்.

அவர் முறை என்ன என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு மொழியில் இன்னொரு மொழிச் சொல் ஆயிரம் இருந்தாலும் அது உறவுக்குச் சாட்சி ஆகாது, நம் பேச்சில் ‘பஸ்’, ‘ஆபீஸ்’ இருப்பதால் தமிழ் ஆங்கிலத்தின் பிள்ளை ஆகிவிடுமா? கடன் வாங்காத இடத்தில் பார்க்க வேண்டும். எண்ணுப்பெயரில் பார். தமிழில் மூன்று, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. சமஸ்கிருதத்தில் த்ரி. ஆறு என்பது மூன்று மொழியிலும் ஆறுதான். சமஸ்கிருதத்தில் ஷட். அப்புறம் வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார். ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் பெயரெச்சத்தில் முடித்துவிடுகிறோம். சமஸ்கிருதத்தில் ‘எவன் வந்தானோ அவன்’ என்கிற மாதிரி இரண்டு சுட்டுப் போட்டு இழுக்க வேண்டும். நம் இலக்கணம் உயர்திணை, அஃறிணை என்று அறிவை வைத்துப் பிரிக்கிறது. சமஸ்கிருதத்தில் மரம் ஆண்பால், நதி பெண்பால்.

எனக்குப் பிடித்தது ‘நாம்’, ‘நாங்கள்’ விஷயம். விருந்து வீட்டில் ‘நாம சாப்பிடலாம்’ என்றால் எதிரில் நிற்பவரும் இலை முன்னால் உட்காரலாம். ‘நாங்க சாப்பிட்டுக்கிறோம்’ என்றால் அவர் கிளம்ப வேண்டியதுதான். தெலுங்கிலும் மனமு, மேமு என்று இதே பிரிவு. சமஸ்கிருதத்தில் கிடையாது, இங்கிலீஷிலும் கிடையாது. நாம் தினமும் யோசிக்காமல் பேசுவதை வெளியிலிருந்து வந்தவன் கவனித்து, இது வீட்டுச் சொத்து, கடன் கிடையாது என்று எடுத்துக் காட்டுகிறான்.

ஒலியிலும் ஒன்று சொன்னார். ‘கடல்’ என்பதில் வரும் க-வும் ‘அகம்’ என்பதில் வரும் க-வும் ‘அங்கே’ என்பதில் வரும் க-வும் எழுத்து ஒன்று, வாயில் வேறு. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லொலி, நடுவில் தனியாக வந்தாலும் மெல்லினத்துக்குப் பின் வந்தாலும் மெலிந்த ஒலி. ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு தமிழன் குழப்பமில்லாமல் படிப்பதற்கு இந்த ஒழுங்குதான் காரணம், இது எழுத்துக் குறைபாடு அல்ல, மொழியின் விதி என்று அவர் விளக்கினார். மொழியியலில் இதற்கு ‘கால்டுவெல் விதி’ என்றே பெயர் உண்டு.

எல்லாம் சரியாகச் சொன்னாரா என்றால் இல்லை. திராவிட மொழிகளை ‘சிதியன்’ என்று அன்றைக்குச் சொன்ன ஒரு பெருங்கூட்டத்தோடு, ஃபின்னிஷ், துருக்கி வகை மொழிகளோடு முடிச்சுப் போட்டார். இன்றைக்கு மொழியியலில் அதை யாரும் ஏற்பதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மேடைகளில் ‘தமிழிலிருந்துதான் தெலுங்கும் கன்னடமும் பிறந்தன என்று கால்டுவெல் நிரூபித்தார்’ என்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. எல்லாம் ஒரு பழைய மூலமொழியின் பிள்ளைகள், அதில் தமிழ் பழைய கூறுகளை அதிகம் காத்து வைத்திருக்கிறது, சமஸ்கிருதச் சொற்களை அடியோடு விலக்கினாலும் தமிழால் நிற்க முடியும், இவ்வளவுதான். அக்காளை அம்மா ஆக்கியது பின்னால் வந்தவர்கள்.

இதெல்லாம் தேரிக்காட்டு ஊரில் உட்கார்ந்து எப்படிச் சாத்தியமாயிற்று? ஜெர்மன் அறிஞர்களின் ஆராய்ச்சியைப் படிப்பதற்காகவே ஜெர்மன் கற்றுக்கொண்டார். மலையாளத்துக்கு குண்டர்ட் போன்றவர்களின் வேலையை ஊன்றிப் படித்தார். 1854-லிருந்து மூன்று வருஷம் ஊருக்கு விடுப்பில் போயிருந்தபோது நூலை முடித்தார். 1857-ல் கிளாஸ்கோ அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. சரக்கு இடையன்குடியில் சேர்ந்தது, கட்டடம் பிரிட்டனில் எழுந்தது என்று சொல்லலாம்.

இனி அந்த இன்னொரு புத்தகம். 1849-ல் வந்தது, திருநெல்வேலிச் சாணார்கள் பற்றி. பின்னால் நாடார் என்று அறியப்பட்ட சமூகம்தான், இடையன்குடிச் சபையே பெரும்பாலும் அவர்கள். இங்கிலாந்தில் மிஷனுக்குக் காசு கொடுப்பவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதியது. அதில் அந்த மக்களின் பேய் வழிபாடு, பனையேற்று, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விரிவாக எழுதியதோடு நிற்காமல், அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள், அறிவில் மந்தமானவர்கள் என்கிற ரீதியில் மட்டம் தட்டி எழுதினார். தான் ஞானஸ்நானம் கொடுத்த, தினமும் முகம் பார்த்த மக்களைப் பற்றி!

இதில் கவனிக்க வேண்டியது, இலக்கணத்தின் விதையும் இதே சிறு புத்தகத்தில்தான் இருக்கிறது. இவர்களுடைய மதம் பிராமண மதத்திலிருந்து வந்ததில்லை, தனியானது, பழையது என்று அதில் வாதாடுகிறார். ஏழு வருஷம் கழித்து அதே வாதத்தை மொழிக்கு வைக்கிறார், இது சமஸ்கிருதத்திலிருந்து வந்ததில்லை, தனியானது, பழையது. ஒரே மூளை, ஒரே முறை. எடு, பிரி, ஒப்பிடு, வரிசைப்படுத்து. வினைச்சொல்லை வரிசைப்படுத்தினால் அது எழுந்து ‘நீ யார் என்னைச் சொல்ல’ என்று கேட்காது. சாதியை வரிசைப்படுத்தினால் கேட்கும்.

கேட்டார்கள். நாசரேத் பக்கம் உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் முதலில் அந்தப் புத்தகத்தைக் கையிலெடுத்தார். அங்கிருந்த மிஷனரியோடு ஏற்கெனவே தகராறு, வேலை போயிருந்தது. புத்தகத்தைப் படித்ததும் வேகம் கூடியது. 1857-ல் வெள்ளைக்காரக் குருமார் யாரும் வேண்டாம் என்று தனிச் சபையே தொடங்கினார், ஞாயிற்றுக்குப் பதில் சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு முறைகள் என்று அது தனி உலகம். பிற்பாடு 1880-களில் மனுக்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று எதிர்ப்பு பெரிதானது. இந்த இருபது, முப்பது வருஷத்தில் என்ன நடந்தது என்றால், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. லண்டன் வாசகருக்கு எழுதியதை இடையன்குடி வாசகரும் படிக்க ஆரம்பித்துவிட்டார். கால்டுவெல் கடைசியில் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார். அது நடந்தபோது அவர் சாதாரண ஐயர் இல்லை, பிஷப்.

பிஷப் ஆன கதை தனி. 1877 மார்ச் 11, கல்கத்தா செயின்ட் பால் பேராலயம். அன்றைக்கு அபிஷேகம் ஆனவர்கள் இரண்டு பேர். எஸ்.பி.ஜி. சபைகளுக்குக் கால்டுவெல், இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ். சபைகளுக்குப் பாளையங்கோட்டை சார்ஜென்ட் ஐயர். ஒரே ஜில்லாவுக்கு எதற்கு இரண்டு பிஷப்? சங்கம் இரண்டு, ஆளுக்கொரு பிஷப் கொடுத்தால்தான் சண்டை வராது. இரண்டு பேருமே முழு பிஷப்கூட இல்லை, சென்னை பிஷப்புக்கு உதவி பிஷப். தனி மறைமாவட்டம் அமைப்பதற்கு அன்றைய அரசுச் சட்டச் சிக்கல்கள் குறுக்கே நின்றன. திருநெல்வேலி தனி மறைமாவட்டம் ஆனது 1896-ல், இருவரும் இறந்த பிறகு. கால்டுவெல் அறுபத்திரண்டு வயதில் இந்தப் பொறுப்புக்கு வந்தார். ஊர் ஊராகப் போய்த் திடப்படுத்தல் ஆராதனை, குருப்பட்டம், கணக்கு வழக்கு. கூடவே 1876-78 தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையும் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் சபையிலும் சேர்ந்தார்கள். சோற்றுக்குச் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இவ்வளவு அலைச்சலுக்கு நடுவில் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். பழைய கிரேக்கர்கள் குறித்த முத்துத் துறைமுகம் கொற்கை, மார்க்கோ போலோ குறித்த ‘காயில்’ நம் பழைய காயல், இரண்டும் இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கக் காரணம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் என்று எழுதினார். 1881-ல் திருநெல்வேலி ஜில்லாவின் அரசியல் வரலாறு அரசாங்க அச்சகத்தில் வந்தது, பாண்டியர் தொடங்கி 1801 வரை. பாளையக்காரர் போரை அவர் கும்பினிக் கண்ணால்தான் பார்த்தார், கட்டபொம்மன் பக்கம் நியாயம் தேடுகிறவர்களுக்கு அந்தப் பக்கங்கள் எரிச்சலூட்டும். ஆனாலும் இன்றைக்கும் அந்த ஜில்லா வரலாறு எழுதுகிறவர் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

கோவிலைச் சொல்லாமல் விட முடியாது. இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குக் கல் வைத்தது 1847, பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலை 6. முப்பத்துமூன்று வருஷம்! காசு வரும்போது கட்டுவார்கள், நிற்கும், திரும்பத் தொடங்குவார்கள். கூர்வளைவு ஜன்னல் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க் கொத்தனார்களுக்குத் தெரியாது. காகிதத்தில் வரைந்து காட்டினால் புரியவில்லை. ஐயர் களிமண்ணைப் பிசைந்து ஜன்னல் மாதிரியைத் தானே செய்து கொடுத்தார், அதைப் பார்த்து அவர்கள் கல்லில் எடுத்தார்கள். டப்ளினில் படித்த ஓவியப் படிப்பு கடைசியில் தேரிக்காட்டில் இப்படிப் பயன்பட்டது.

1891 ஜனவரியில் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் போனார். ஆகஸ்ட் 28-ல் அங்கேயே இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோவிலின் பலிபீடத்துக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். 1899-ல் எலைசா இறந்தபோது அவரையும் அதே ஊரில் வைத்தார்கள். அவர்கள் குடியிருந்த வீட்டைத் தமிழக அரசு 2011-ல் நினைவில்லமாக்கியது. கால்டுவெல் அபிஷேகமான அதே கல்கத்தா பேராலயத்தில் 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பாக அபிஷேகமானவர் அசரியா. அவருக்கும் சொந்த ஊர் இதே தேரிப் பக்கம்தான், வெள்ளாளன்விளை, எந்தச் சமூகத்தைக் கால்டுவெல் அப்படி எழுதினாரோ அந்தச் சமூகத்துப் பிள்ளை.

ஒப்பிலக்கணத்துக்கு 1913-ல் மூன்றாம் பதிப்பு வந்தது, பதிப்பாசிரியர்கள் மருமகன் வையட்டும் ராமகிருஷ்ண பிள்ளையும். அதில் பல பகுதிகளைச் சுருக்கி, பின்னிணைப்புகளில் சிலவற்றை எடுத்தும்விட்டார்கள். போனவற்றில் ஒன்று, பறையர்கள் திராவிடர்களா என்று கால்டுவெல் கேள்வி போட்டு, ஆம், வேறு இனமில்லை, திராவிடர்களே என்று பதில் சொன்ன பகுதி. முதல் தடவை அவர் எழுதியதைத் திரும்பப் பெற வைத்தது ஊர்க்காரர்களின் கோபம். இரண்டாவது தடவை வெட்டியதற்கு அவரிடம் கேட்க வழியில்லை, யாரும் மனுவும் போட்டிருக்கவில்லை. அப்புறம் வந்த மறுபதிப்புகளெல்லாம் பெரும்பாலும் இந்த வெட்டுப்பட்ட பதிப்பைத்தான் பின்பற்றின. 2008-ல் சென்னையில் கவிதாசரண் பதிப்பகம் பழைய முழு நூலை மறுபடி அச்சிட்டது. நான் அதில் முதலில் புரட்டியது பின்னிணைப்பைத்தான்.